மலேசியத் தமிழ் நாடகங்களுக்கு எடிட்டராக மென்பொருள் தெரிந்தால் போதுமா?

கோலாலம்பூரில் தமிழ் டிவி நாடகங்களுக்கு எடிட்டராக மென்பொருள் அறிவு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதைச் சில மாதங்களில் பழகிவிடலாம்.

அனுபவசாலிகள் பலரும் முதலில் பேசுவது ஒலியைப் பற்றித்தான். படம் லேசாக ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் சேனலை மாற்றிவிடுவார். அதனால்தான் படப்பிடிப்பில் எல்லோரையும் அமைதியாக்கி, அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்வார்கள். ஏர்கோன் இரைச்சல், வெளியே ஓடும் மோட்டார் எல்லாம் அதில் இருக்கும். இரண்டு டேக்குகளை ஒட்டும்போது நடுவில் விழும் செத்த மௌனத்தை அதை வைத்துத்தான் மறைக்க வேண்டும். பதிவு செய்ய மறந்துவிட்டார்களா? எடிட்டர் பாடு திண்டாட்டம்.

அப்புறம் மலாய் வசனவரி. இங்கே தமிழ் நாடகத்தின் அடியில் அது ஓடுவது வழக்கம். கணவன் மனைவி படபடவென்று சண்டை போடும் காட்சியை வேகமாக வெட்டினால், கீழே படிப்பவரின் கண் முகங்களுக்குத் திரும்பவே நேரமிருக்காது. முக்கியமான முகபாவத்தில் ஷாட்டைக் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும்.

வேலைவாய்ப்பு? 1963இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அரசு டிவி நிறுவனமான ஆர்டிஎம், 1996இல் வந்த கட்டண டிவி நிறுவனமான அஸ்ட்ரோ, இரண்டையும் பாருங்கள். ஆனால் பல நாடகங்களை வெளித் தயாரிப்பு நிறுவனங்கள்தான் எடுக்கின்றன. அங்கே பெரும்பாலும் ஒப்பந்த வேலை. மாதச் சம்பளத்தை நம்பி கார் லோன் போட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், முதலில் செய்திப் பிரிவில் சேருங்கள். கை வேகம் அங்கேதான் வரும்.