பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அல்ட்ராசவுண்ட் டெக்னாலஜிஸ்ட் ஆக என்ன படிக்க வேண்டும்? எதிர்காலம் எப்படி?

ஃபீஸ் கட்டும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்? இந்தியாவில்தான் என்றால், கர்ப்பிணியின் வயிற்றில் புரோப் (ஸ்கேன் செய்யும் கைக்கருவி) வைக்கும் வேலை உங்களுக்குக் கிடைக்காது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்த ஸ்கேனை டாக்டர்தான் செய்ய வேண்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. ரேடியாலஜி போன்ற மேற்படிப்போ, அதற்கென்றே உள்ள ஆறு மாதப் பயிற்சியோ வேண்டும். வயிறு, கிட்னி ஸ்கேன்களையும் நம் ஊரில் பெரும்பாலும் டாக்டர்களே பார்க்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் மீது எனக்கு வருத்தம் கிடையாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம், தர்மபுரி மாவட்டங்களில் பெண் குழந்தைகள் எவ்வளவு குறைந்திருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள், ஏன் இவ்வளவு கெடுபிடி என்று புரியும். ஆனால் இதைச் சொல்லாமல் ‘ஆறே மாதத்தில் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன்’ என்று விளம்பரம் செய்து பணம் வாங்குகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். அதில் சேராதீர்கள்.

பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தால் இந்தியாவில் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ பார்க்கலாம், நல்ல வேலைதான். புரோப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் கார்டியாக் டெக்னாலஜி படியுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பது டெக்னீஷியன்தான், கார்டியாலஜிஸ்ட் பார்த்து ரிப்போர்ட் தருவார்.

நான் தமிழ்நாட்டில் ரேடியாலஜி முடித்துவிட்டு அமெரிக்காவில் சோனோகிராஃபராக இருக்கிறேன். இங்கே ஸ்கேன் செய்வது நாங்கள், படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட். நான் எடுக்காமல் விட்ட இடம் அவர் கண்ணில் படவே படாது. இந்த வேலையின் பொறுப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

பித்தப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வந்தவரை மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால், பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் ஒளிந்திருந்த கல் உருண்டு வரும். அதன் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும், கல்லைத் தாண்டி ஒலி போகாததால். உருளாமல், நிழலும் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றால் அது பாலிப்பாக (சிறு சதை வளர்ச்சியாக) இருக்கலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் சோம்பல்பட்டால் இந்த வித்தியாசமே தெரியாமல் போய்விடும். எந்த மெஷினும் இதை உங்களுக்காகச் செய்து தராது.

இன்னொரு பக்கமும் உண்டு. கருவில் துடிப்பு இல்லை என்று முதலில் பார்ப்பது நாம்தான். பக்கத்தில் படுத்திருக்கும் பெண் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு, “குழந்தை நல்லா இருக்கா?” என்று கேட்பார். முடிவைச் சொல்வது டாக்டர், நாம் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. “படமெல்லாம் எடுத்து முடிச்சிடறேன், டாக்டர் வந்து உங்ககிட்ட பேசுவாங்க” என்று குரல் மாறாமல் சொல்லிவிட்டு அளவுகளை எடுத்து முடிக்க வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் இது பழகிப்போவதில்லை, பழகவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

உடம்புக்கும் சிரமம்தான். தோள்பட்டை, மணிக்கட்டு வலி இந்தத் தொழிலில் மிகவும் சகஜம். கட்டிலின் உயரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றி வைக்கும் பழக்கத்தைப் படிக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை விஷயம்: அமெரிக்காவில் சோனோகிராஃபர்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஆர்டிஎம்எஸ் அமைப்பு நடத்தும் இரண்டு தேர்வுகள். ஒன்று ஒலியின் இயற்பியல், எல்லாருக்கும் பொது. மற்றொன்று வயிறு, மகப்பேறு, ரத்தக்குழாய் என்று நீங்கள் எடுக்கும் பிரிவு. பலர் இயற்பியலில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒலி திசுவுக்குள் நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துத்தான் மெஷின் ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, புரிந்து படியுங்கள். இரண்டும் தேறினால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 80,000 டாலரை ஒட்டிய சம்பளம் சாத்தியம், மாநிலத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஒவ்வொன்றுக்கும் விதிமுறை வேறு. பிரிட்டனில் பெரும்பாலும் ரேடியோகிராஃபர்கள்தான் (எக்ஸ்ரே எடுப்பவர்கள்) மேற்படிப்பு படித்து இதற்கு வருகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி என்றால் அந்தக் கோர்ஸுக்கு சிஏஏஹெச்இபி (இத்தகைய மருத்துவப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். கிளினிக்கல் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், வாரத்தில் எத்தனை நாள் புரோப்பைக் கையில் தருவார்கள் என்று கேளுங்கள். அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.