பொக்கேவுக்கு நிறம் தேடும்போது

வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்யாணப் பூ பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மே மாதம், காலை பத்தரை மணிக்கு சர்ச்சில் எனக்குக் கல்யாணம். வெள்ளைப் புடவை. அம்மா வெள்ளை ரோஜா போதும் என்கிறார். எனக்கோ கையில் பிடிக்கிற பொக்கேவில் நாலைந்து நிறம் வேண்டும். கடைக்காரர் ஹைட்ரேஞ்சியா போடலாம் என்கிறார். போடலாமா?
*(மணப்பெண், நாகர்கோவில்)*

பதில்: வெள்ளைப் புடவைக்கு முன்னால் எந்த நிறமும் எடுபடும். அம்மாவிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். ஆனால் ஹைட்ரேஞ்சியா மட்டும் வேண்டாம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பந்து பந்தாகப் பூத்து நிற்குமே, அந்தப் பூதான் அது. மலைக்குளிரில் அது அழகு. காம்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து நம் வெயிலில் பிடித்தால் சீக்கிரமே துவண்டுவிடும். என் தங்கை கல்யாணத்துக்கு மதுரையில், சித்திரை மாதத்தில், படத்தைப் பார்த்து மயங்கி நான்தான் அதை வாங்கினேன். 3,500 ரூபாய். காரிலிருந்து அவள் இறங்கும்போதே பூவின் தலை தொங்கிவிட்டது. ஆல்பத்தில் பாதிப் படங்களில் பொக்கேவைப் புடவைத் தலைப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். விற்றவருக்கு அந்தப் பூவின் குணம் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெயில் தாங்குகிற பூக்களில் நிறத்துக்குப் பஞ்சமே இல்லை. கார்னேஷனில் சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. ஊதாவுக்கு டென்ட்ரோபியம் ஆர்க்கிட். கொத்துக் கொத்தாக வரும் செவ்வந்தியில் மஞ்சளும் வெள்ளையும் நாள் முழுக்க நிற்கும். டச்சு ரோஸ் வேண்டுமென்றால் பாதி விரிந்த பூவாகக் கேளுங்கள். முழுக்க விரிந்தது மண்டபத்துக்குப் போகும்முன் இதழ் உதிர்க்கும். ஜெர்பராவின் நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் கழுத்து மெலிந்தது. உள்ளே கம்பி கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரிலிருந்து தோவாளைப் பூச்சந்தை கொஞ்ச தூரம்தான். அங்கே குவித்து வைத்திருக்கும் வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் பொக்கேவுக்கு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாடாமல்லியின் ஊதா, பெயருக்கேற்ப வாடாது. கோழிக்கொண்டையின் அடர்சிவப்பு வெல்வெட் துணி போல இருக்கும். மாலைக்காரர்களிடம் நீளமான காம்போடு வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். மாலைக்கு வருவது காம்பில்லாத பூ.

கேள்வி: ஆர்க்கிட் விலை ஏறுவதற்குள் ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?
*(தாம்பரம்)*

பதில்: கூடாது. டென்ட்ரோபியம் வெப்ப நாட்டுப் பூ, ஃப்ரிட்ஜ் குளிரில் இதழ் கருகும்.

கேள்வி: ரிசப்ஷனுக்கு நீல ரோஜா பொக்கே ஆர்டர் கொடுத்தோம். ‘இயற்கை நீலம், வெளிநாட்டுப் பூ’ என்று சொல்லி ஒவ்வொரு பூவுக்கும் தனி விலை வாங்கினார்கள். மேடையில் என் அக்காவின் கை வியர்வை பட்டு நீலம் இறங்கி, சந்தன நிறப் பட்டுப்புடவையில் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டது. கடையில் கேட்டால், ‘பூவைப் புடவையில் படாமல் பிடித்திருக்க வேண்டும்’ என்கிறார்கள். அக்கா அன்றிலிருந்து அழுகிறாள்.
*(தங்கை, கோயம்புத்தூர்)*

பதில்: முதலில் அக்காவிடம் சொல்லுங்கள், அவர்மேல் ஒரு தவறும் இல்லை. பொக்கே என்றால் கையில்தான் பிடிப்பார்கள், புடவையில் படத்தான் செய்யும். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

இயற்கையில் நீல ரோஜா கிடையாது. நீலத்தைத் தருகிற டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாச் செடியில் உண்டாவதில்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைச் சேர்த்து ஒரு ரோஜாவை உருவாக்கி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் பார்க்க இளம் ஊதாதான். ஆகவே பூக்கடையில் கிடைக்கும் பளிச்சென்ற நீல ரோஜா வெள்ளை ரோஜாவில் ஏற்றிய சாயம். காம்பைச் சாய நீரில் நிறுத்தி உறிஞ்ச வைப்பார்கள், அல்லது மேலே தெளிப்பார்கள். சாயப் பூ என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ‘இயற்கை’ என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியதுதான் குற்றம்.

புடவையைத் துவைக்காதீர்கள், சலவைக்கும் கொடுக்காதீர்கள். கறை படிந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். காய்ந்த பூ இருந்தால் எடுத்து வையுங்கள். ‘இயற்கை நீலம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, பணம் போன விவரம், புடவை பில், மூன்றும் முக்கியம். கறை எடுக்க எவ்வளவு ஆகும், எடுக்கவே முடியாதா என்று ஒரு நல்ல டிரை கிளீனரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் 15 நாள் கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் ஆறப்போடாதீர்கள். பூவின் விலையோடு நிற்காமல் புடவைக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: காம்பின் வெட்டு முனையைப் பாருங்கள், சாயம் உறிஞ்சிய பூவில் அங்கே நிறம் தெரியும். இதழ் நரம்புகள் மட்டும் அடர்த்தியாக இருப்பதும் அடையாளம். தெளித்த சாயத்தை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: லில்லிப் பூவின் மஞ்சள் தூள் என் வேட்டியில் ஒட்டிவிட்டது. எப்படி எடுப்பது?
*(மாப்பிள்ளைத் தோழன், வேலூர்)*

பதில்: தண்ணீர் வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். அடுத்த முறை பூக்கட்டும்போதே நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மேடைப் பூ, மாலை, பொக்கே எல்லாம் சேர்த்து ஒரு கடையில் ஃபோனிலேயே பேசி, கேட்ட தொகை முழுவதையும் ஜிபே பண்ணிவிட்டேன். ஆரஞ்சும் ஊதாவும் கேட்டோம். வந்தது எல்லாம் மஞ்சள் துலுக்க சாமந்தி. ‘அன்றைக்கு மார்க்கெட்டில் சரக்கு இல்லை’ என்கிறார். பில் கேட்டதற்கு, ‘பூ அலங்காரம், முழுத் தொகை’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். என்ன செய்யலாம்?
*(தந்தை, சேலம்)*

பதில்: ஐயா, பெரியவர் நீங்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கினால் துவரம்பருப்பு எத்தனை கிலோ என்று வரிக்கு வரி பார்க்கிறோம். பூவுக்கு மட்டும் ஏன் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை அனுப்புகிறோம்? முழுத் தொகையும் கைக்கு வந்தபின் அவர் எதற்காக விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தையில் நின்று ஆரஞ்சுப் பூ தேடப் போகிறார்?

அந்த ஒற்றை வரி பில் பற்றி நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ‘பூ அலங்காரம்’ என்பது ஒரு சரக்கின் பெயர் இல்லை. ‘கலர்ஃபுல்லாகச் செய்து தருகிறோம்’ என்பது வாக்குறுதியும் இல்லை. ஆரஞ்சு என்றால் ஆரஞ்சு ஜெர்பராவா, கனகாம்பரமா, ஆரஞ்சு டச்சு ரோஸா? மூன்றுக்கும் விலை வேறு, ஆயுள் வேறு. பூவின் பெயரைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் சொன்னால் அந்த நிறத்தில் மலிவானது எதுவோ அதுதான் வரும்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை இவை. பூவின் பெயர், நிறம், எண்ணிக்கை. டச்சு ரோஸ் பொதுவாக 20 காம்பு கொண்ட கட்டாகவும் ஜெர்பரா 10 காம்பு கொண்ட கட்டாகவும் சந்தைக்கு வருகின்றன. எனவே எத்தனை கட்டு என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் பதில் சொல்ல முடியும். சொல்ல மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். அடுத்தது மாற்றுப் பூ. ஊதா ஆர்க்கிட் கிடைக்காவிட்டால் எதைப் போடுவது, அதை யாரிடம் கேட்டு முடிவு செய்வது, விலை குறைந்த பூ என்றால் எவ்வளவு திருப்பித் தருவது? பூச்சந்தையில் வரத்து ஏறி இறங்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. மழை பெய்தால் வரத்து குறையும், முகூர்த்தத்தில் விலை எகிறும். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால்தான் முன்கூட்டியே எழுதி வாங்கச் சொல்கிறேன். கடைசியாக, பூ வந்து சேரும் நேரமும் பாக்கித் தொகையும். பாதி அட்வான்ஸ், மீதி பூவைக் கண்ணால் பார்த்த பிறகு. முதல் நாள் இரவு பூ வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போதென்றால் மாற்ற நேரம் இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட நிறங்கள் வாட்ஸ்அப்பிலோ ஃபோன் பதிவிலோ இருந்தால் சேகரியுங்கள். மேடைப் படங்கள் சாட்சி. சாமந்திக்கும் கேட்ட பூவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். அந்த ஒற்றை வரித் தாளில் கடைப் பெயர், தேதி, கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் கேட்ட நிறங்கள் எதிலுமே பதிவாகவில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு என்றால் வழக்கு கடினம். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: முகூர்த்தப் புடவை அரக்குச் சிவப்பு. அதற்கு ஏற்றாற்போல் சிவப்பு ரோஜா பொக்கே வாங்கலாம் என்று மாமியார் சொல்கிறார். மாலையில் ரிசப்ஷனுக்கும் அதே போல ஒன்று.
*(அண்ணா நகர், சென்னை)*

பதில்: அரக்கின் மேல் சிவப்பு ரோஜா படத்தில் காணாமல் போகும். மேடையில் நீல விளக்கு போட்டார்கள் என்றால் கறுப்பாகவே தெரியும். அத்தையிடம் புடவையை விரித்து, அதன்மேல் ஒரு சிவப்பு ரோஜாவையும் ஒரு மஞ்சள் ரோஜாவையும் வைத்து ஃபோனில் படம் எடுத்துக் காட்டுங்கள், அவரே மாற்றிச் சொல்வார். மஞ்சள், பீச், கொஞ்சம் வெள்ளை, ஓரத்தில் பச்சை இலை. சிவப்பு வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டால் நடுவில் இரண்டு மூன்று போதும். ரிசப்ஷன் புடவை வேறு நிறம் என்றால் அதற்கும் இதே சோதனையைச் செய்யுங்கள், மண்டப விளக்கின் கீழ்.

கேள்வி: பொக்கேவில் மதுரை மல்லி வைத்துக் கட்ட ஆசை. தை மாதக் கல்யாணம். விலை எப்படி இருக்கும்?
*(திருமங்கலம்)*

பதில்: ஏறித்தான் இருக்கும். மார்கழி, தையில் பனியால் மல்லி வரத்து குறைந்துவிடும், அதோடு முகூர்த்த நெருக்கடியும் சேரும். பொக்கேவுக்குத் தேவை கொஞ்சம்தான் என்பதால் வாங்குங்கள். ஆனால் மல்லிக்குக் காம்பு இல்லை, சரமாகக் கட்டிப் பிடியைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். மொட்டாக வாங்கினால் சாயங்காலம் கையிலேயே விரியும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. வேறு ஊர் மல்லியை மதுரை மல்லி என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள், உங்கள் ஊருக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: கார்னேஷன், ஜெர்பரா எல்லாமே ‘இம்போர்ட்டட்’ என்று சொல்லி இரட்டை விலை கேட்கிறார்கள்.
*(புதுச்சேரி)*

பதில்: இரண்டும் ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக்குடிலில் விளைகின்றன. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டு, பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் நாள் மாலை புத்தம்புதிதாக வந்த பொக்கே காலையில் சுருங்கிவிட்டது. ஏசி அறையில்தான் வைத்தோம். கார்னேஷன் எல்லாம் உள்ளே மடங்கித் தூங்குவது போல ஆகிவிட்டது. கடைக்காரர் பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டாரோ?
*(மணப்பெண்ணின் சித்தி, தஞ்சாவூர்)*

பதில்: அந்த அறையில் சீர்வரிசைத் தட்டுகளும் இருந்தனவா? வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள்? இருந்திருந்தால் கடைக்காரர்மேல் பழி போடாதீர்கள். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதைத் தாங்காது. ஏசி அறை மூடியே கிடப்பதால் வாயு வெளியே போகவும் வழியில்லை. நீங்கள் சொல்கிற அந்த உள்மடங்கல்தான் அதன் அடையாளம். மறுவீட்டுக்கு வாங்கும்போது பூவை ஓர் அறையிலும் பழத்தட்டை வேறு அறையிலும் வையுங்கள், பொக்கேவின் காம்பு முனை தண்ணீரில் இருக்கட்டும்.

பழமே இல்லாத அறை என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. பில்லோடு மறுபடி எழுதுங்கள் அம்மா, சேர்ந்து பார்ப்போம்.