வாக்கு அதிகம், மெமரி கொஞ்சம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வர்ச்சுவல் மெமரி (நிரல்களுக்குக் கெர்னல் காட்டும் மெமரி முகவரிகள்) வரம்புகளைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: என் கணினியில் இருப்பது 8 ஜிபி ராம். ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் ஒரே ஒரு நிரல் விர்ட் என்ற பத்தியில் 40 ஜிபி காட்டுகிறது. இல்லாத மெமரியை அது எப்படி எடுத்துக்கொண்டது?

எடுத்துக்கொள்ளவில்லை, கேட்டு வைத்திருக்கிறது. விர்ட் என்பது அந்த நிரல் தன் பெயரில் வளைத்துப் போட்டிருக்கும் முகவரிகளின் பரப்பு. பக்கத்தில் ரெஸ் என்று இன்னொரு பத்தி இருக்கும் பாருங்கள், ராமில் உண்மையாகவே உட்கார்ந்திருப்பது அதுதான். வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒவ்வொரு நிரலுக்கும் 128 டெராபைட் முகவரி வெளி கிடைக்கிறது, அதில் 40 ஜிபி எல்லாம் ஒரு ஓரம். நிரல் அந்த முகவரியில் முதல் முறை எழுதும்போதுதான் செயலி தடுமாறி நின்று கெர்னலைக் கூப்பிடும், கெர்னல் 4 கேபி அளவுள்ள ஒரு பக்கத்தை எடுத்து அங்கே மாட்டிவிடும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நாலு வரியில் ஒரு சி நிரல் எழுதி, மெமரி கேட்கும் செயற்கூறான மல்லாக்கில் 1 ஜிபி கேட்டுவிட்டு தூங்க விடுங்கள். விர்ட் சட்டென்று 1 ஜிபி ஏறும், ரெஸ் அசையாது. அப்புறம் அந்த இடம் முழுவதும் ஏதாவது ஓர் எண்ணை எழுதச் சொல்லுங்கள், ரெஸ் மெல்ல ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு விர்ட் பத்தியைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

கேள்வி: ஒரு ஜாவா நிரல் மெமரியை விழுங்குகிறது என்று, நிரல்களுக்கு வரம்பு வைக்கும் யூலிமிட் கட்டளையில் வி சுவிட்ச் போட்டு 2 ஜிபிக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தினேன். இப்போது நிரல் தொடங்கவே மாட்டேன் என்கிறது. ராமில் 10 ஜிபி காலியாக இருக்கிறது! எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டேனா?

எண் சரியாகவே இருக்கும். அந்த சுவிட்ச் கேபி கணக்கில் எண் கேட்கும், 2 ஜிபி என்றால் 2097152. நீங்கள் வேலி போட்ட இடம்தான் தவறு.

யூலிமிட்டின் வி சுவிட்ச் கட்டுப்படுத்துவது மேலே சொன்ன விர்ட் பத்தியை, ராமை அல்ல. ஜாவா கிளம்பும்போதே ஹீப்புக்கு (நிரலின் தரவுகள் வாழும் இடம்) என்று ஒரு பெரிய முகவரிப் பரப்பை முன்பதிவு செய்யும், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது ராமில் கால் பங்கு. 16 ஜிபி கணினி என்றால் அதுவே 4 ஜிபி. வகுப்புத் தகவல்களுக்கு இன்னொரு 1 ஜிபி. இதற்கு மேல் திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) வேறு, ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மல்லாக் புதுப் புது திரெட்டுகளுக்குத் தனித்தனி அரீனா என்று 64 எம்பி முகவரிகளைப் பிடித்து வைக்கும். இவற்றில் பெரும்பகுதியில் ஒரு பைட்கூட எழுதப்பட்டிருக்காது, ஆனால் உங்கள் 2 ஜிபி வரம்பு எழுதியதா எழுதாததா என்று பார்ப்பதில்லை. கேட்ட மாத்திரத்திலேயே இல்லை என்று சொல்லிவிடும், நிரலும் வாசலிலேயே விழுந்துவிடும். அந்த வரம்பு ஒவ்வொரு புரோசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) தனித்தனி என்பதையும் பலர் கவனிப்பதில்லை, பத்து பிள்ளை புரோசஸ்கள் பிறந்தால் ஆளுக்கு 2 ஜிபி!

சரி, ராமையே கட்டுப்படுத்த யூலிமிட்டில் எம் சுவிட்ச் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எண்ணையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் இன்றைய லினக்ஸ் கெர்னல் அதைக் கண்டுகொள்வதே இல்லை. இப்படி ஒரு சுவிட்சை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல்தான்.

உங்களுக்கு வேண்டியது சிகுரூப், புரோசஸ்களைக் குழுவாக்கி வரம்பு போடும் கெர்னல் வசதி. அதன் இரண்டாம் பதிப்பில் மெமரி.மேக்ஸ் என்று ஒரு கோப்பு, அதில் எழுதும் எண்ணுக்கு மேல் அந்தக் குழுவில் உள்ள எல்லா புரோசஸ்களும் சேர்ந்துகூட ராம் பயன்படுத்த முடியாது. பின்னணிச் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி வழியாகச் சேவை ஓடுகிறது என்றால் சர்வீஸ் கோப்பில் மெமரிமேக்ஸ் என்ற வரியில் 2ஜி என்று போட்டாலே போதும். கூடவே மெமரி.ஹை என்று ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் கீழே, 1800 எம்பி வாக்கில் வையுங்கள். மேக்ஸை முட்டி, அதற்கு மேல் எதையும் விடுவிக்க முடியாமல் போனால் கெர்னல் ஆளையே கொன்றுவிடும், ஹையைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து, பழைய பக்கங்களை வெளியே தள்ளச் சொல்லி நெருக்கும். அந்த நிரல் மெதுவாகிறது என்று உங்களுக்குத் தகவல் வந்து, நீங்கள் எழுந்து போய்ப் பார்க்க அவகாசம் கிடைக்கும். இதில் மெமரி.மேக்ஸ் ஸ்வாப்பை, அதாவது ராமிலிருந்து தள்ளிய பக்கங்களுக்காக வட்டில் ஒதுக்கிய இடத்தை, எண்ணுவதில்லை. ராமில் 2 ஜிபி ஆனதும் மிச்சத்தை வட்டில் கொட்டிக்கொண்டே போகலாம், எனவே மெமரி.ஸ்வாப்.மேக்ஸ் என்பதற்கும் ஓர் எண் கொடுங்கள்.

யூலிமிட்டின் வி சுவிட்ச் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். நீங்களே எழுதிய சின்ன நிரல், மல்லாக் தோற்றுப் போனால் ஒழுங்காகக் கையாள்கிறதா என்று சோதிக்க அருமையான வழி. ஆனால் அடைப்புக்குறிக்குள் ஒரு துணை ஷெல்லில் (ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஷெல்லே அந்த வரம்புக்குள் மாட்டிக்கொள்ளும், சாதாரணப் பயனரால் மறுபடி உயர்த்த முடியாது.

கேள்வி: ஓவர்கமிட் மெமரி என்ற கெர்னல் அமைப்பை 2 ஆக வைத்தால் ஓஓஎம் கில்லர் தொல்லையே இருக்காது என்று படித்தேன். வைக்கலாமா?

வைக்கலாம், என்னைப் போல வைக்காதீர்கள்.

முதலில் விஷயம். கேட்டவர்களுக்கெல்லாம் மெமரி தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது கெர்னலின் வழக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கையை நீட்டினால்தான் குட்டு உடையும், அப்போது ஏதாவது ஒரு நிரலைக் கொன்று மெமரியை மீட்க வருவதுதான் ஓஓஎம் கில்லர். அமைப்பு 0 என்றால் வெளிப்படையான பேராசையை மட்டும் மறுக்கும், ஒரே வேண்டுகோளில் மொத்த ராமும் ஸ்வாப்பும் சேர்ந்ததை விட அதிகம் கேட்டால் கிடைக்காது. 1 என்றால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி சொல்லும். 2 கறார் பேர்வழி, கொடுத்த வாக்குகளின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டவே கூடாது என்று கணக்கு வைக்கும்.

அந்த வரம்பு எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஸ்வாப் முழுவதும், அதோடு ராமில் ஓவர்கமிட் ரேஷியோ சொல்லும் சதவீதம். அந்த ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. அதாவது 16 ஜிபி ராம், ஸ்வாப் இல்லை என்றால் வரம்பு வெறும் 8 ஜிபி. ப்ராக் கோப்பகத்தில் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் இடம்) உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் கமிட்லிமிட் என்ற வரியில் அந்த வரம்பும், கமிட்டட்_ஏஎஸ் என்ற வரியில் ஏற்கெனவே கொடுத்த வாக்குகளும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அந்த இரண்டாவது வரியைப் பார்க்கவில்லை. ஸ்வாப் இல்லாத 16 ஜிபி சர்வர், ஏற்கெனவே 11 ஜிபிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நான் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) உள்ளே போய் 2 என்று எழுதி என்டர் தட்டினேன். கட்டளை சத்தமில்லாமல் முடிந்தது. அடுத்து கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தேன், ஃபோர்க் (புதிய புரோசஸை உருவாக்குவது) செய்ய முடியவில்லை, மெமரி ஒதுக்க முடியவில்லை என்றது. ராமில் பாதி காலி! இன்னொரு ஜன்னலிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. ஃபோர்க் செய்யும்போது பிள்ளைக்கும் தாயின் அளவுக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டும், வரம்போ ஏற்கெனவே தாண்டிவிட்டது, ஆகவே ஒரு புதிய புரோசஸ்கூடப் பிறக்க முடியாத நிலை. நல்ல வேளை, அந்த ரூட் ஷெல்லை மூடவில்லை. பாஷ் என்ற அந்த ஷெல்லில் எக்கோ என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அதற்கு ஃபோர்க் தேவையில்லை, கோப்புக்குத் திருப்பிவிடும் குறியும் அப்படியே. எக்கோ 0 என்று அடித்து ப்ராக் கோப்பகத்தில் அந்த அமைப்புக்கு உரிய கோப்புக்கு நேராகத் திருப்பினேன், உயிர் வந்தது. ஃபோர்க் தேவைப்படும் சிஸ்சிடிஎல் கட்டளையையோ சுடோவையோ நம்பியிருந்தால் மின்சாரத்தை நிறுத்திப் போடுவதைத் தவிர வழியில்லை.

எனவே 2 வேண்டும் என்றால் முதலில் அந்த இரண்டு வரிகளைப் பாருங்கள், ஸ்வாப் சேருங்கள், ரேஷியோவை 80, 90 என்று ஏற்றுங்கள், அப்புறம் தொடுங்கள். தரவுத்தளம் மட்டும் ஓடும் கணினிக்கு இது நல்ல ஏற்பாடு. தரவை மெமரியிலேயே வைக்கும் ரெடிஸ் போல ஃபோர்க் செய்து வட்டில் சேமிக்கும் நிரல் என்றால் நேர்மாறாக 1 வைக்கச் சொல்வார்கள், காரணம் மேலே நான் பட்டதுதான். உலாவியும் ஜாவாவும் ஓடும் மேசைக் கணினியில் 0 இருப்பதே நல்லது.

கேள்வி: ஸ்வாப்பினஸ் 0 என்று வைத்தேன், இருந்தும் ஸ்வாப் பயன்படுகிறதே?

அது ஸ்வாப்பை அணைக்கும் பொத்தான் இல்லை. நெருக்கடியில் எதை முதலில் வெளியேற்றுவது, கோப்புகளின் பக்கங்களையா, நிரல்களின் சொந்தப் பக்கங்களையா என்ற சாய்வு மட்டுமே. 0 என்றாலும் வேறு வழியில்லாதபோது ஸ்வாப்புக்குப் போகும். இயல்பு மதிப்பு 60, 5.8 கெர்னல் முதல் 200 வரை ஏற்றலாம். ஸ்வாப்பே வேண்டாம் என்றால் ஸ்வாப்ஆஃப் கட்டளை.

கேள்வி: ஓஓஎம் கில்லர் எப்போதும் என் தரவுத்தளத்தையே கொல்கிறது. ஒரு புரோசஸைக் கொல்லும் முன்னுரிமையை மாற்றும் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ் என்பதை மைனஸ் 1000 ஆக்கிவிட்டால்?

கொல்லாது. பதிலுக்கு வேறு யாரையாவது கொல்லும். அது ஆளைத் தேர்வு செய்வது முக்கியமாக ராமிலும் ஸ்வாப்பிலும் யார் அதிகம் பிடித்திருக்கிறார்கள் என்பதை வைத்து, தரவுத்தளம் இயல்பிலேயே பெரிய உடம்பு, அதனால் மாட்டுகிறது. உண்மையில் மெமரியைக் கசியவிடுவது (வாங்கியதைத் திருப்பித் தராதது) பக்கத்தில் ஓடும் ஏதோ ஓர் ஒல்லி நிரலாக இருக்கலாம். டிமெசெக் கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் கொலைக்கு முன்பு எல்லா புரோசஸ்களின் பட்டியலும் அச்சாகியிருக்கும், அதை நிதானமாகப் படியுங்கள். கசிவு தரவுத்தளத்திலேயே இருந்து அதற்கு மைனஸ் 1000 கொடுத்தீர்கள் என்றால் சுற்றியிருக்கும் ஒவ்வொருவராகச் சாவார்கள், கடைசியில் கணினியே நிற்கும். மைனஸ் 500 போல ஒன்று வைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய நிரலுக்கு மெமரி.மேக்ஸ் போடுங்கள். கன்டெய்னர் (தனியே அடைத்து ஓட்டும் நிரல்) 137 என்ற எண்ணோடு நின்றதாகச் சிலர் எழுதியிருந்தார்கள், 128ஓடு 9 சேர்ந்தால் 137, ஒன்பதாம் சிக்னலில், அதாவது கட்டாயக் கொலை உத்தரவில், செத்தது என்று பொருள். கொன்றது பெரும்பாலும் இந்த ஓஓஎம் கில்லர்தான்.

கேள்வி: தேடல் மென்பொருள் ஒன்று மேக்ஸ் மேப் கவுன்ட் 262144 வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. ஏற்றினால் ஆபத்தா?

இல்லை, ஏற்றுங்கள். ஒரு புரோசஸ் எத்தனை தனித்தனி மெமரித் துண்டுகள் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணிக்கை அது, அளவு அல்ல. கெர்னலின் இயல்பு மதிப்பு 65530, அந்த விநோத எண் எப்படி வந்தது என்றால், கோர் டம்ப் (விழுந்த நிரலின் மெமரி நகல்) எழுதும் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்தில் எண்ணிக்கைக்கு 16 பிட்தான், 65535இல் ஐந்தைக் கழித்து வைத்தார்கள். இந்த வரம்பை முட்டினாலும் மெமரி இல்லை என்றே பிழை வரும், ராம் காலியாக இருக்கும், மண்டை காயும்.

கேள்வி: லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதிய வரம்புகள் என் சேவைக்கு மட்டும் வருவதில்லை. மறுதொடக்கமும் செய்து பார்த்துவிட்டேன்.

அந்தக் கோப்பைப் படிப்பது பாம் என்ற லாகின் சரிபார்ப்பு அமைப்பு, அதாவது யாராவது லாகின் செய்யும்போது. சிஸ்டம்டி தொடங்கும் சேவை லாகின் செய்து வருவதில்லை, அதற்கு சர்வீஸ் கோப்பிலேயே லிமிட்ஏஎஸ் (யூலிமிட்டின் வி வரம்பு), மெமரிமேக்ஸ் என்று எழுத வேண்டும். கெர்னல் அமைப்புகளுக்கு இடம் சிஸ்சிடிஎல்.டி கோப்பகம், ப்ராக்கில் நேராக எழுதியது மறுதொடக்கத்தில் போய்விடும். லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு படி உண்டு, கெர்ன்.மேக்ஸ்டிசிஸ் போன்ற தரவுப் பகுதி வரம்பை லோடர்.கான்ஃப் கோப்பில் எழுதிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்ப வேண்டும். பழைய பிஎஸ்டிகளில் இதே எண்ணை மாற்ற கெர்னலையே மறுபடி தொகுத்த காலம் உண்டு, அதை நினைத்தால் ஒரு மறுதொடக்கம் பெரிய விஷயமில்லை. எதை எழுதினாலும் கடைசியில் ப்ராக்கில் அந்தப் புரோசஸ் எண்ணுக்குள் லிமிட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், யூலிமிட் வகை வரம்புகளில் உண்மையாக என்ன அமலில் இருக்கிறது என்று அதில் தெரியும். சிகுரூப் எண்கள் அதில் வராது, அவற்றுக்கு சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஷோ என்று கேளுங்கள்.