தாய் எங்கே என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் காட்பாடியில் வசிக்கிறேன். வீட்டில் ஐந்து வயது நாய் ஒன்று இருக்கிறது. அதற்குத் தீனி வாங்கப்போகும் கடையில், இந்த அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே ஒரே கூண்டில் மூன்று லேப்ரடார் நாய்க்குட்டிகள் கிடந்தன. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து காய்ந்திருந்தது. பிறந்து 45 நாள் ஆகிறது என்றார் கடைக்காரர். மனம் கேட்காமல், இருப்பதிலேயே சோர்ந்து கிடந்த குட்டியை வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்கின. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. மிச்சமுள்ள இரண்டையும் பணம் கொடுத்து மீட்டுவிடலாமா, இல்லை அந்தக் கடைவாசலையே இனி மிதிக்காமல் இருப்பதா? அங்கே பாட்டிலில் அடைத்த மீன்களையும், கூண்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த லவ் பேர்ட்ஸையும் நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

அந்தக் குட்டி தன் கடைசி ஐந்து நாட்களை உங்கள் மடியில் கழித்திருக்கிறது. அதற்காக உங்களை வணங்குகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் வாங்காதீர்கள். நோயுற்று விலைபோகாத குட்டி கடைக்காரருக்கு நட்டம். அந்த நட்டத்தை நீங்கள் ஒருமுறை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இன்னும் இரண்டு முறை ஏற்றுக்கொண்டால், காலியான கூண்டுக்கு அடுத்த வாரமே வேறு மூன்று குட்டிகள் வந்து சேரும்.

மீன்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். ஃபைட்டர் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் பாட்டிலுக்குள் சாகாமல் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அதற்கு அந்த இடமே போதும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் அழியாமல் இருக்கும். குட்டி கிடந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள், பெரிய நாய்க்குத் தடுப்பூசித் தவணை தவறியிருந்தால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூண்டு இருக்கிறது, வெயில் இருக்கிறது, கவிழ்ந்த கிண்ணம்கூட இருக்கிறது. தாய் மட்டும் எங்கேயும் இல்லை. ஐந்து வருடம் நாய் வளர்த்த உங்களுக்கே "இதன் தாய் எங்கே?" என்று கேட்கத் தோன்றவில்லை என்றால், பிறந்தநாள் பரிசாகக் குட்டி வாங்க வருகிறவர் கேட்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? இதை உங்களைக் கடிந்துகொள்ளவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா குடியாத்தம் பக்கத்தில் சிறு விவசாயி. செவ்வாய்க்கிழமைகளில் பொய்கை மாட்டுச் சந்தைக்கு என்னையும் அழைத்துப்போவார். கன்று வாங்குவதென்றால், தாய்ப்பசுவின் மடியைத் தடவிப் பார்த்து, அது எத்தனையாவது ஈற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், விலை பேசத் துண்டுக்குள் விரலை நீட்டமாட்டார். அந்தச் சந்தையிலும் கொடுமை உண்டு. மூச்சுவிட இடமின்றி மாடுகளை ஏற்றிப்போகும் லாரிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அங்கே தாயை யாரும் ஒளித்துவைக்கவில்லை.

எங்கள் வீட்டு நாய் வைக்கோல்போர் ஓரத்தில் குட்டி போடும். குட்டி கேட்டு வருபவர்களை ஆயா (என் பாட்டி) வெறுங்கையோடுதான் அனுப்புவாள். "அவளே விலக்கட்டும், அப்புறம் வா" என்பாள். கேழ்வரகுக் களியை மோரில் கரைத்துக் குட்டிகளுக்கு வைப்பாள். ஆறாவது வாரம் வாக்கில், பால்பற்கள் காம்பில் அழுந்தும்போது தாய் சட்டென்று எழுந்துவிடும். தொங்கிய குட்டிகள் பொத்துப்பொத்தென்று விழும். விடாமல் கடிக்கிற குட்டியின் கழுத்தைத் தன் வாயால் மெல்ல அழுத்தி உறுமும். குட்டி வீறிட்டு மல்லாந்து கிடக்கும். நான் ஓடினால் ஆயா கையைப் பிடித்து நிறுத்திவிடுவாள். சற்றுப் பொறுத்து அந்தத் தாயே அதன் வயிற்றை நக்கிவிடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு நாய் கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான்.

ஆயா சொன்னதைத்தான் சட்டமும் சொல்கிறது. நாய் இனப்பெருக்கத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகளும், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளும் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. கடைக்காரர் சொன்ன 45 நாள் உண்மையாகவே இருந்தாலும் 11 நாள் குறைகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புசக்தி வற்றத் தொடங்கி, தடுப்பூசியின் பலன் இன்னும் முழுதாக ஏறாத நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் குட்டியைக் கூடையில் போட்டு ஊர் மாற்றி, பல இடத்துக் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைக்கிறார்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தவும் கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாரியத்துக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதில் முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பதை அறிந்து நான் கொதித்திருக்கிறேன். அதற்காக மனுக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் குட்டி வாங்க என்னைத் துணைக்கு அழைத்துப்போனார். முன்னறையில் குட்டியைக் கையில் கொடுத்தார்கள். வெகுநேரம் வைத்திருந்தேன். தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்க்க முடியாது என்றார்கள். நான் நகரவில்லை. கடைசியில் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கம்பிவலையே தரையாக இருந்த கூண்டில் அவள் நின்றிருந்தாள். கால்விரல்கள் வலைக்கண்களில் விரிந்து புண்ணாகியிருந்தன, காம்புகள் தொய்ந்து கிடந்தன. குரைக்கவில்லை. கம்பிக்கிடையில் கையை நீட்டினேன். உள்ளங்கையில் குட்டியின் வாசம் இருந்திருக்க வேண்டும். முகர்ந்தாள். பிறகு ஒவ்வொரு விரலிடுக்காக நக்கினாள். கையை எடுத்த பிறகும் கம்பியை நக்கிக்கொண்டே இருந்தாள்.