11 பாடல்களும் ஒரு வரியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு வயது 58. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்கொரு பிடித்த பாட்டைப் போட்டு, அதோடு ஒட்டிய நினைவையும் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். ஆரம்பித்துவைத்தவள் நான்தான். இதுவரை நான் போட்ட 11 பாடல்களையும் அவற்றுக்கு எழுதிய குறிப்புகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதல் சில வாரங்கள் எல்லாரும் ஆர்வமாக இருந்தார்கள். இப்போது ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 19 வயது மகள் இருபது நொடிக்கு மேல் எதையும் கேட்பதில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா" என்கிறாள். என்னை அழவைக்கும் பாட்டு அவளை ஒன்றுமே செய்யவில்லை என்பது நிஜமாகவே வலிக்கிறது.

மூன்று கேள்விகள். நான் பழைய காலத்திலேயே தேங்கிவிட்டேனா? இப்போது வரும் பாடல்கள் ஏன் மனதில் நிற்பதில்லை? உங்களுக்குப் பிடித்த பத்துப் பாடல்களைச் சொல்வீர்களா?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. இந்தப் பாட்டு விஷயத்தில் யாரிடமாவது எரிந்து விழ வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே இருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

என் போனுக்கும் தினம் காலையில் பாட்டு வருகிறது. அனுப்புகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள், எனக்கு வேண்டியவர்கள். கூடவே "கேட்டதும் கண் கலங்கிவிட்டது" என்று ஒரு வரி இருக்கும். ஏன் கலங்கியது, யாரை நினைத்துக் கலங்கியது, ஒன்றும் இருக்காது. கலங்கிய செய்தி மட்டும் வரும். நான் என்ன செய்ய வேண்டும்? பதிலுக்குக் கலங்க வேண்டுமா?

முதலில் சில்லறையை முடித்துவிடுகிறேன். தேங்கிவிட்டீர்களா என்றால், ஆமாம். 58 வயதில் எல்லாரும் எங்கேயாவது தேங்கித்தான் நிற்போம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. இன்றைய பாடல்கள் ஏன் நிற்பதில்லை என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. மனிதர்களிடம் வாழ்நாள் முழுக்க அடர்த்தியாக மிஞ்சுபவை ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள்தான் என்று உளவியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். பாட்டுக்கும் அதே கணக்குத்தான். இன்றைய பாட்டு உங்கள் மகளிடம் நிற்கும். அவளும் 58 வயதில் ஏதாவது ஒரு குழுவில் யாரையாவது படுத்தி எடுப்பாள். என் பத்துப் பாட்டைத் தரப்போவதில்லை. தந்தால் அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டுவிடுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 11 குறிப்புகளையும் பொறுமையாக வாசித்தேன். "என்றும் இனிமை." "அந்தக் காலத்துக்கே கூட்டிப் போய்விட்டது." "இனி இப்படி ஒரு பாட்டு வருமா!" "சொல்ல வார்த்தையே இல்லை." வார்த்தையே இல்லை என்றால் எதற்கம்மா எழுதினீர்கள்? நினைவை எழுத வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் எழுதியிருப்பது, உங்களிடம் ஒரு நினைவு இருக்கிறது என்ற அறிவிப்பை மட்டும்தான். பெட்டியின் பூட்டைக் காட்டிவிட்டு, உள்ளே நகை இருக்கிறது, ரசியுங்கள் என்றால் எப்படி? உங்கள் வீட்டார் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டதே அவர்களுடைய பெருந்தன்மை.

அப்புறம், ஏழாவது பாட்டுக்கு வந்தேன். அதன் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "ஹாஸ்டலில் இருந்தபோது கேட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ. எங்கள் அறையில் விளக்கு எரிந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். யாரென்று கடைசிவரை தெரியாது. காலத்தை வென்ற கானம்!!"

இதைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டா "என்றும் இனிமை" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள்? முகம் தெரியாத யாரோ ஒருவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்கள் கேட்கட்டும் என்று குமிழைத் திருகுகிறார். அது ஆணா பெண்ணா, கிழவரா, படிக்கிற பையனா? விளக்கு எரிந்தால்தான் சத்தம் கூடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார்? வேண்டுமென்றே விளக்கை அணைத்துச் சோதித்துப் பார்த்தீர்களா? குறைத்தார்களா? எனக்கு இதெல்லாம் தெரிந்தாக வேண்டும். பாட்டு காலத்தை வென்றதா தோற்றதா என்பதைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை.

உங்களை அழவைப்பது மகளை ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று வருந்துகிறீர்கள். இந்த வருத்தத்துக்கு வயது 250-க்கு மேல். 1768-ல் வெளிவந்த தன் இசை அகராதியில் தத்துவ அறிஞர் ரூசோ ஒரு செய்தி சொல்கிறார். சுவிட்சர்லாந்து மலைகளில் மாடு மேய்ப்பவர்கள் வாசிக்கும் ஒரு மெட்டு. கூலிக்குச் சண்டை போடப் போன சுவிஸ் வீரர்களிடையே அதை வாசிக்கக் கூடாது, வாசித்தால் மரண தண்டனை என்று தடை இருந்ததாம். கேட்டவர்கள் அழுதார்கள், படையை விட்டு ஓடினார்கள், ஏங்கியே செத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்து வைப்பதுதான் குத்து. அந்த மெட்டில் அப்படியெல்லாம் ஒரு சக்தியும் கிடையாது என்கிறார். வெளியாள் கேட்டால் ஒன்றும் ஆகாது. விட்டுவந்த ஊரும் இளமையும் பழைய வாழ்க்கையும் அதோடு ஒட்டியிருப்பதால்தான் அந்தப் பாடு. அங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவைக் கிளப்பும் அடையாளமாக வேலை செய்கிறது.

உங்கள் மகள் இந்த விஷயத்தில் வெளியாள். அவள் அந்த ஹாஸ்டலில் இருந்ததில்லை. வெறும் மெட்டை அனுப்பிவிட்டு அழவில்லையே என்று கோபித்துக்கொள்வது நியாயமே இல்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு சி-90 கேசட் பதிந்து கொண்டுவந்தான். அந்தக் காலத்தில் விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிப் பதிவு செய்யும் கடையில் கொடுத்துவிட்டு வர வேண்டும், சில நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் அவன் எழுதிய பட்டியல் கேசட் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அண்ணனுக்கோ பேராசை, கடைக்காரருக்கோ அவசரம். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இரண்டாவது சரணம் பாதியில் இருக்கும்போது நாடா முடிந்துவிடும். பாடகர் ஒரு சொல்லை ஆரம்பித்திருப்பார், முடிக்க மாட்டார். டேப்ரெக்கார்டரின் பொத்தான் 'டக்' என்று தானாக மேலே எழும்.

நாங்கள் எல்லாரும் அந்தப் பாட்டை அப்படித்தான் பாடுவோம். அரைச் சொல்லில் நிறுத்திவிட்டுக் கூட்டாக "டக்" என்போம். அம்மாவும் வேலைக்கு நடுவே, அந்த இடம் வந்தால் உள்ளேயிருந்து "டக்" என்பாள். அவள் பாட்டுக் கேட்கிறாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வேறு எந்தப் பாட்டையும் அவள் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. இன்று முழுப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறது. கேட்டுப் பார்த்தேன். அந்த அரைச் சொல்லுக்கு அப்புறம் வருவது எனக்கு யார் வீட்டுப் பாட்டோ. அருமையாகவே இருக்கிறது, பாவம். ஆனால் என்னோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

அது என்ன பாட்டு என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லத் தேவைப்படவில்லை. ராகத்தையோ குரலையோ ஒரு வார்த்தை புகழவில்லை. பெரிய பாட்டும் கிடையாது அது. "டக்"கை மட்டும் சொன்னேன். உங்களுக்கு ஒரு வீடும் ஒரு அம்மாவும் தெரிந்திருந்தால் அது போதும். இதையே "அண்ணன் பதிந்து வந்த பாடல், இன்றும் கேட்டால் சிலிர்க்கும்" என்று நான் எழுதியிருந்தால், நீங்களும் கட்டைவிரலைப் போட்டுவிட்டுத்தான் போயிருப்பீர்கள்.

பாட்டின் உயர்வுக்கு உங்கள் கண்ணீரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. உயர்வு தாழ்வை இசை தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். நினைவு ஒட்டும்போது தரம் பார்த்தா ஒட்டுகிறது? என்னவெல்லாமோ அதைத் தீர்மானிக்கிறது. பி.வி.கேஸ்கர் 1952-ல் ஒலிபரப்பு அமைச்சரானதும் சினிமாப் பாட்டு ஆகாது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். நாடே இலங்கை வானொலிக்குக் காதைத் திருப்பியது. 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டும் போடும் விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்கித்தான் வானொலிக்காரர்கள் நேயர்களைத் திரும்ப இழுக்கப் பார்த்தார்கள். அதற்குள் கொழும்பு பழகிவிட்டது, அப்புறமும் பல வருடம் நம் ஆட்கள் அதை விடவில்லை. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று என் தலைமுறைக்காரர்களின் பாட்டு நினைவுக்குள் இன்றும் அறிவிப்பாளர்களின் குரல் இருக்கிறது. சிற்றலையில் பாட்டு நடுவில் தேய்ந்து போய்த் திரும்பி வருமே, அந்தத் தேய்தலும் சேர்ந்துதான் எங்களுக்குப் பாட்டு. இசையமைப்பாளர் அதைப் போடவில்லை. ஒரு அமைச்சருக்குப் பிடிக்காமல் போனதும், வான்வெளி அன்று இருந்த லட்சணமும் போட்டது. உங்களுக்கு ஹாஸ்டல் சுவர் போட்டது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு அனுப்பாதீர்கள். இணைப்பே வேண்டாம். அந்த ரேடியோக்காரரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். சுவர் எந்தப் பக்கம், ஜன்னல் இருந்ததா, அறையில் எத்தனை பேர், யார் முதலில் "கூட்டிட்டாங்க" என்றது, விடுமுறை முடிந்து திரும்பியபோது ரேடியோ இருந்ததா. "இனிமை", "கானம்", "காலம்" மூன்றும் வரவே கூடாது. ஆச்சரியக்குறியும் கூடாது. என்ன பாட்டு என்று யாராவது கேட்டால் அப்போது அனுப்புங்கள்.

மகள் கேட்பாளா என்று எனக்குத் தெரியாது. அதற்காக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவள் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு எது என்று கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். இருபது நொடியில் எழுந்துவிடாதீர்கள். தமிழ் உச்சரிப்பைத் திருத்தக் கூடாது. "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தீர்களோ, தொலைந்தது. முடிந்ததும் இதை எங்கே, யாரோடு முதலில் கேட்டாய் என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். 19 வயதில் நீங்களும் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த ரேடியோவைப் பற்றி வீட்டில் சொன்னீர்களா என்ன?

அன்புடன்.

பி.கு.: 11 பாடல்களுக்கும் நடிகர் பெயரை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அவர் வாயை மட்டும்தான் அசைத்தார். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று இலங்கை வானொலியில் எவ்வளவு அழகாகச் சொல்வார்கள்! அதையாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.