அணுக்கழிவும் ஊருணிச் சேறும்: கேளுங்க, சொல்றேன்

காரைக்குடியில உலோக அரிப்பு ஆராய்ச்சியிலயே இருவது வருசம் ஓட்டுனவன். அணுக்கழிவ பாறைக்கடியில வைக்கிறாங்களே, அங்க கிருமிக்கு என்ன வேலைனு கேளுங்க. கரண்ட் பில்லு, கூடங்குளம் அரசியல் வேணாம்.

பள்ளத்தூர் தம்பி: அவ்ளோ ஆழத்துல கிருமி இருக்குமாண்ணே?

இருக்கும். பின்லாந்துல அணுக்கழிவு வைக்கத் தோண்டுன ஒன்கலோ சுரங்கம் 400 மீட்டருக்கும் கீழ, அங்க பாறை வெடிப்புத் தண்ணியிலயும் இருக்கு. ஊருணி வத்துறப்ப அடிச்சேத்த கிண்டுனா கருப்பா அழுகுன முட்டை நாத்தம் வருமே, அதே வகை கிருமிதான், ஆக்சிஜனே வேணாம், சல்பேட்ட வச்சு மூச்சுவிட்டு சல்பைட கக்கும், அது பட்டா செம்பு அரிக்கும். அங்க கழிவ வைக்கிறதே 5 செ.மீ. தடிமன் செம்பு உருளைக்குள்ளதான், அதான் இந்தப் பயலுக மேல இத்தன கண்ணு.

கோட்டையூர்: கிருமி கதிரியக்கத்த தின்னுருமாமே?

தின்னாது. டைனோகாக்கஸ்னு ஒரு கிருமி கதிர தாங்கும், 1956ல கதிர் அடிச்ச கறி டின்லயே பொழச்சு கெடந்துச்சு. ஜியோபாக்டர்னு இன்னொன்னு யுரேனியத்த தண்ணியில கரையவிடாம பண்ணும். ரெண்டுமே கதிரியக்கத்த கொறைக்காது.

தேவகோட்டை ஆச்சி: செம்புக்குடத்துல கிருமி சாகும்னு எங்க ஆயா சொல்லுமே தம்பி?

ஆயா சொன்னது சரிதான் ஆச்சி. ஆனா இங்க கிருமி செம்பு மேல ஏறி உக்காரவே வேணாம். உருளைய சுத்தி பெண்டோனைட் களிமண்ண இறுக்கி அடைப்பாங்க, தண்ணி பட்டா உப்பி இன்னும் இறுகும். ஊறுகா ஜாடியில ஈரம் இருந்தும் உப்பு புடிச்சு வச்சுக்கிறதால பூஞ்சை வராதுல்ல, அதுமாதிரி களிமண்ணுக்குள்ளயும் கிருமிக்கு குடிக்க தண்ணி கெடைக்காது, நெளிய எடமும் இருக்காது. வெளிய பாறைத் தண்ணியில கெடக்குறது கக்குற சல்பைடுதான் மெல்ல ஊறி உள்ள வரும். களிமண்ணு எங்கயாச்சும் லூசா இருந்தா போச்சு, உள்ளயே முழிச்சுக்கும். அதனால கிருமியே இல்லாத சுரங்கம்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க.

கானாடுகாத்தான்: அப்ப செம்பு தண்டம், இரும்பே போதும்.

காத்து இல்லாத எடத்துல இரும்பு துருப்புடிச்சா ஹைட்ரஜன் வரும், அழுத்தம் ஏறும். சுவிட்சர்லாந்து மோன்ட் டெர்ரி ஆய்வுச் சுரங்கத்துல அந்த ஹைட்ரஜனயே கிருமி தின்னுறத பாத்திருக்காங்க, அழுத்தம் கொறையுது, கூடவே சல்பைடும் வருது.

கானாடுகாத்தான்: செம்பு விக்கிறவன் மாதிரியே பேசுறீங்க.

எங்க வீட்டு அண்டாவக்கூட எடைக்குப் போட்டாச்சுப்பா. இரும்பு நம்பி எறங்குன நாடும் இருக்கு, பாறைய பொறுத்துத்தான் முடிவு. ஒத்த உலோகத்துக்கு கொடி புடிக்காத.

புதுவயல்: கிருமி கதிர தின்னுமா சார்?

மேல படிங்க.

குன்றக்குடி: பாக்டீரியா ரேடியேஷன...

மேல!

தேவகோட்டை ஆச்சி: அப்ப உப்புலயே பொதைக்கலாம்ல தம்பி?

ஆச்சிதான் கேக்க வேண்டியத கேக்குறீக. அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல 655 மீட்டர் ஆழத்துல உப்புப் பாறையிலதான் வைக்கிறாங்க. அங்கயும் உப்பு தாங்குற கிருமி இருக்கு. புளூட்டோனியம் பட்ட துணி, காகிதமும் கழிவோட போகுதா, அத தின்னு கார்பன் டை ஆக்சைடு விட்டா உள்ள வேதியியல் மாறி புளூட்டோனியம் கரைய வழியாகும்னு அந்த வாயுவ உறிஞ்ச மூட்ட மூட்டையா மெக்னீசியம் ஆக்சைடு சேத்து வைக்கிறாங்க.