பதிவேற்றச் சதவீதம் 0லிருந்து 100க்குத் தாவுவதும், ஒருவருடைய எண் மற்றவருக்குத் தெரிவதும் ஏன்?

கோப்பு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை ஜாவா சர்வ்லெட்டில் (உலாவியின் கோரிக்கைக்குப் பதில் தரும் சர்வர் நிரல்) ஒரு கால்பேக் (ஒவ்வொரு பகுதி வரும்போதும் தானாக அழைக்கப்படும் செயற்கூறு) மூலம் கணக்கிட்டுச் சதவீதமாகக் காட்டுகிறீர்கள். சொந்தக் கணினியில் ஒழுங்காக ஏறும் எண், சர்வரில் 0லேயே நின்று சட்டென்று 100க்குத் தாவுகிறது. இருவர் ஒரே சமயத்தில் பதிவேற்றினால் ஒருவருடைய எண் மற்றவருக்குத் தெரிகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் பழைய புகைப்படங்களையும் விழாக் காணொளிகளையும் சேர்த்து வைக்கும் சிறிய தளம் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். எண் தாவுவதும் எண் மாறித் தெரிவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிக்கல்கள்.

எண் மாறித் தெரிவதை முதலில் சொல்கிறேன். சர்வ்லெட்டுகளை இயக்கும் மென்பொருளான டோம்கேட், ஒரு சர்வ்லெட்டுக்குப் பொதுவாக ஒரே ஓர் ஆப்ஜெக்டைத்தான் உருவாக்குகிறது. எல்லாருடைய கோரிக்கைகளும் வெவ்வேறு திரெட்டுகளில் (ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலை இழைகள்), அந்த ஓர் ஆப்ஜெக்டின் வழியாகவே நடக்கின்றன. எண்ணிக்கையை அதன் உறுப்பு மாறியில் வைத்தால், கடைசியாக எழுதியவரின் எண்தான் எல்லாருக்கும் தெரியும். உடனே திரெட்லோக்கலை (ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் ஜாவா வசதி) நாடுபவர்கள் உண்டு. அதுவும் உதவாது, ஏனெனில் முன்னேற்றத்தை விசாரிக்க வரும் கோரிக்கை வேறொரு திரெட்டில் வருகிறது, தவிரவும் டோம்கேட் தன் திரெட்டுகளை (இயல்பாக 200 வரை) மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால் முந்தையவரின் மிச்சம் அடுத்தவருக்குப் போய்ச் சேரும். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும் கிராணி (கணக்கெழுதுபவர்), எந்தத் தராசில் நிறுத்தது என்று எழுதுவதில்லை. யாருடைய பால் என்று பெயருக்கு நேரேதான் எழுதுகிறார். உங்கள் கணக்கும் பதிவேற்றத்தின் பெயரில் இருக்க வேண்டும், திரெட்டின் பெயரில் அல்ல.

ஆகவே ஒவ்வொரு பதிவேற்றத்துக்கும் உலாவியிலேயே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அதை முகவரியின் வினவல் பகுதியிலோ (கேள்விக்குறிக்குப் பின் வருவது) கோரிக்கையின் தலைப்பிலோ (ஹெடர்) அனுப்புங்கள். படிவப் புலத்தில் வைக்க வேண்டாம்; கோப்புக்குப் பின்னால் அந்தப் புலம் வந்தால், கோப்பு முடியும்வரை அந்தப் பதிவேற்றம் யாருடையது என்றே தெரியாது. செஷனை (ஒருவரின் உலாவியை சர்வர் அடையாளம் கண்டு வைக்கும் பதிவு) மட்டும் சாவியாகக் கொண்டால், ஒரே ஆள் உலாவியின் இரண்டு தாவல்களில் (டேப்) பதிவேற்றும்போது பழைய சிக்கலே திரும்பும். ஆனால் விசாரிப்பவர் அந்த அடையாள எண்ணுக்கு உரியவர்தானா என்று செஷனைக் கொண்டு சோதித்தாக வேண்டும். எண்ணிக்கைகளை ஒரு கன்கரண்ட்ஹேஷ்மேப்பில் (பல திரெட்டுகள் ஒரே சமயத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய ஜாவா அட்டவணை) வையுங்கள். ஒரு பதிவேற்றத்துக்கு எழுதுபவர் ஒருவர், படிப்பவர்கள் பலர் என்பதால் எண்ணிக்கை மாறியை வோலடைலாக (ஒரு திரெட் எழுதியது மற்றவற்றுக்கு உடனே தெரியும்படி) அறிவித்தாலே போதும், பூட்டு தேவையில்லை. வோலடைல் இல்லாத சாதாரண லாங் (பெரிய முழு எண்) மாறிக்கு 64 பிட்டும் ஒரே மூச்சில் எழுதப்படும் என்ற உறுதியை ஜாவா தருவதில்லை.

கால்பேக்குக்குள் வேறு வேலை எதுவும் செய்யாதீர்கள். அது பதிவேற்றத்தைக் கையாளும் அதே திரெட்டில் ஓடுகிறது. 4 கிலோபைட்டாக வாசித்தால் 100 மெகாபைட் கோப்புக்குச் சுமார் 25,000 தடவை அழைக்கப்படும். ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தில் எழுதினால் பதிவேற்றமே மந்தமாகிவிடும். மொத்த அளவு தெரியாதபோது கோப்புகளை வாங்கும் ஜாவா நூலகமான காமன்ஸ் ஃபைல்அப்லோட் -1 என்று தருவதையும் வகுப்பதற்கு முன் கவனியுங்கள்.

இனி 0லிருந்து 100க்குத் தாவுவது. உங்கள் சர்வரில் டோம்கேட்டுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் எஞ்சின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அதன் புராக்ஸி_ரிக்வெஸ்ட்_பஃபரிங் அமைப்பு (வருவதைத் தன்னிடம் தேக்கி வைப்பது) இயல்பாக இயக்கத்தில் இருக்கும்; முழுக் கோப்பும் தன்னிடம் வந்து சேர்ந்த பிறகே அது டோம்கேட்டுக்கு அனுப்பும். அதன்பின் உங்கள் கால்பேக் பார்ப்பது ஒரே இயந்திரத்துக்குள் நடக்கும் நகலைத்தான். அந்த பஃபரிங்கை நிறுத்திவிடுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். தோட்டத்து வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் அனுப்புபவருக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைத்தால், 100 மெகாபைட் காணொளி ஏறப் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேலாகும். பஃபரிங் இல்லாவிட்டால் அத்தனை நேரமும் ஒரு டோம்கேட் திரெட் அவருக்காகவே காத்துக் கிடக்கும். திருவிழா முடிந்த இரவில் எல்லாரும் ஒன்றாக அனுப்பினால், முன்னேற்றத்தை விசாரிக்கும் கோரிக்கைக்குக்கூடத் திரெட் மிஞ்சாது.

எனவே பஃபரிங்கை அப்படியே விட்டுவிட்டு, சதவீதத்தை உலாவியிடமே கேளுங்கள். பக்கத்தை மாற்றாமலே கோரிக்கை அனுப்பும் உலாவி வசதியான எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட்டின் அப்லோட் பகுதியில் புராக்ரஸ் என்ற நிகழ்வு உண்டு. அனுப்புவதற்கு முன்பே அதற்குச் செவிசாய்ப்பானை (நிகழ்வு நடக்கும்போது ஓடும் நிரல்) இணைத்துவிட வேண்டும். உலாவி காட்டும் 100 என்பது அனுப்பி முடிந்ததை மட்டுமே குறிக்கும்; சர்வரின் பதில் வரும்வரை "சேமிக்கப்படுகிறது" என்று காட்டுங்கள். எஞ்சின்எக்ஸின் இயல்பான கோப்பு வரம்பு 1 மெகாபைட்தான்; அதை உயர்த்தாவிட்டால் 413 பிழைதான் வரும்.

சர்வர் பக்கத்துக் கணக்கு, வந்து சேர்ந்த காணொளியைச் சிறிதாக்குவது போன்ற பின்வேலைகளுக்குப் பயன்படும். மேலே சொன்ன அடையாள எண் அங்கும் அப்படியே பொருந்தும். வேலை முடிந்தாலும், பிழையில் நின்றாலும், சில நிமிடங்கள் கழித்து அந்தப் பதிவை மேப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பின்னாளில் டோம்கேட்டை இரண்டு இயந்திரங்களில் ஓட்டினால் ஒன்றின் மேப் மற்றதற்குத் தெரியாது. அப்போது அதை ரெடிஸுக்கு (இயந்திரங்கள் பொதுவாகப் படிக்கக்கூடிய தரவுச் சேமிப்பு) மாற்ற வேண்டியிருக்கும்.